ஓரகத்தி போகும் கம்பெனி

புவனேஸ்வரி கரியமாணிக்கத்தில் கரும்பு போடும் குடும்பத்தின் மூத்த மருமகள். கொழுந்தன் பெண்டாட்டி விஜயகுமாரி திருபுவனையில் ஸ்விட்ச் செய்யும் கம்பெனியில் சேர்ந்தபோது ஊரில் முதலில் சிரித்தது அவள்தான். "படிப்பு ஏறாததுங்க போற எடம் அது" என்று குழாயடியில் நாலு பேர் கேட்கச் சொன்னாள்.

சிரிப்பு நெடுநாள் நிற்கவில்லை. காலையில் நீலக் கோட்டும் கழுத்தில் கம்பெனி அட்டையுமாக விஜயா அடுத்த வீட்டு வாசலுக்கு வருவாள். அவளுக்காகக் கம்பெனி வேன் நிற்கும். உள்ளேயிருந்து பெண்கள் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். தன்னை யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று புவனேஸ்வரிக்கு அப்போதுதான் உறைத்தது. சாயங்காலம் விஜயா கேன்டீன் கதை சொல்லிச் சிரித்தால் இவளுக்கு வயிறு எரியும். காது மட்டும் அங்கேயே கிடக்கும்.

ஒருநாள் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்த புவனேஸ்வரியின் கணவன் கண்ணையன், "எல்லாத்தையும் நம்ம நாட்டுலயே செய்யணும். சைனாகாரன் கிட்ட இன்னாத்துக்கு வாங்கணும்?" என்றான்.

"அப்ப நானும் கம்பெனிக்குப் போவட்டுமா?"

"செய்யணும்னு சொன்னேன். நம்ம வூட்டுப் பொம்பள போயி செய்யணும்னா சொன்னேன்?"

"விஜயா மட்டும் யாரு வூட்டுப் பொம்பள?"

அவன் டிவி சத்தத்தைக் கூட்டினான்.

மறுநாள் வேன் வந்து ஹாரன் அடித்தது. விஜயா இன்னும் குளித்துக்கொண்டிருந்தாள். வாசல் பெருக்கிக்கொண்டிருந்த புவனேஸ்வரி, துடைப்பத்தோடு டிரைவரிடம் போனாள். "அவளுக்கு ஜொரம். இன்னிக்கு வரல."

வேன் போய்விட்டது. சாப்பாட்டுப் பையோடு ஓடிவந்த விஜயா வெறும் தெருவைப் பார்த்து நின்றாள். பிறகு பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தாள்.

சாயங்காலம் விஜயா நேரே புவனேஸ்வரியின் அடுப்படிக்கு வந்தாள். "எனக்கு ஜொரமாமே. டிரைவர் சொன்னாரு."

புவனேஸ்வரி குழம்பைக் கிளறினாள்.

"ஆசையா இருந்தா வாயத் தொறந்து கேக்கலாம் இல்லக்கா? பேக்கிங்ல ஆளு எடுக்கறாங்க."

"உன் தயவு எனக்கு இன்னாத்துக்குடி" என்றாள். ஆனாலும் அந்த வாரமே போய்ச் சேர்ந்தாள். கண்ணையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குச் சாப்பிடப் போனான். அங்கும் சமைக்க ஆள் இல்லை என்று தெரிந்ததும் திரும்பி வந்தான். "எங்க வூட்டுல ரெண்டு பேரு கம்பெனிக்குப் போறாங்க" என்று அவன் டீக்கடையில் பெருமை பேசியதாகப் பிறகு காதில் விழுந்தது.

கம்பெனியில் நின்று நின்று புவனேஸ்வரிக்குக் கால் வீங்கியது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பேக்கிங் பெட்டிகளைச் சரிபார்ப்பது விஜயா என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"டேப்பு கோணலா இருக்குக்கா. பிரிச்சி ஒட்டு" என்றாள் விஜயா, எல்லோர் முன்னாலும். குரலில் குத்தல் ஏதுமில்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

புவனேஸ்வரி பிரித்து ஒட்டினாள். மறுநாள் காலை விஜயாவை முந்திக்கொண்டு வேனில் ஏறி, அவள் வழக்கமாக உட்காரும் ஜன்னலோரத்து சீட்டைப் பிடித்துக்கொண்டாள்.