சளி யாருக்கு என்று கேளாத கம்பவுண்டர்

மருந்து கலக்குவது சுலபம். அதை யார் குடிக்கப்போகிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் கம்பவுண்டர் உத்தியோகம். கரமனையில் ஒரு நாஞ்சில்நாட்டு டாக்டரிடம் பதினோரு வருஷம் அதைப் பார்த்தேன். வைகாசி நடுவில் இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டால் ஊரே மூக்கை உறிஞ்சும். நீங்களும் எங்காவது ஒரு பெஞ்சில் கைக்குட்டையோடு காத்திருந்தவர்கள்தானே, அதனால் கூச்சமில்லாமல் சொல்கிறேன்.

வீட்டுக்காரரின் இருமல்

அக்கிரகாரத்துப் பெண்கள் அப்போதெல்லாம் டிஸ்பென்சரிக்கு வருவது அபூர்வம். புருஷன்மார்தான் காலிப் பாட்டிலோடு வருவார்கள். பெண்டாட்டியின் உடம்பைப் பற்றி நாலு பேர் முன்னால் பேச வெட்கம். ஆகவே அவள் சளியைத் தன் சளி என்றே சொல்லிவிடுவார்கள். தாலுகா கச்சேரி குமாஸ்தா ராமசேஷனும் ஒரு காலையில் வந்து, நெஞ்சைத் தடவி, இரண்டு தடவை இருமிக் காட்டினார்.

டாக்டர் ஒரு கேஸ் பார்க்க வித்துராவுக்குப் போயிருந்தார். ஆம்பிளை இருமல்தானே என்று, அபின் சேர்ந்த மிக்ஸர் மருந்தை நானே ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று காகிதப் பட்டை வெட்டி ஒட்டினேன். வெளியே மழை ஒரே சீராகப் பெய்தது. யூகலிப்டஸ் வாசனையில் நானே பாதித் தூக்கம். இருமுகிறவர் குரல் இத்தனை தெளிவாக இருக்கிறதே என்றுகூடத் தோன்றவில்லை. பாட்டிலை வாங்கிக்கொண்டு அவர் சொன்னார்: "ஆத்துல எல்லாரும் நன்னாத் தூங்கினாப் போரும், கேட்டேளா."

எழாத குழந்தை

மறுநாள் பத்து மணிக்குக் குடைகூட இல்லாமல் ஓடிவந்தார். பின்னால் அவர் மனைவி கோமதி, மார்போடு அணைத்த நாலு மாதப் பெண் குழந்தையுடன். குழந்தை பால் குடிக்க எழவில்லை. உள்ளங்காலைச் சுண்டினால் முகத்தைச் சுளித்துவிட்டு மறுபடி தூங்கிற்று. வித்துராவிலிருந்து திரும்பியிருந்த டாக்டர், "மருந்தைக் குடித்தது யார்?" என்று மட்டும் கேட்டார். ராமசேஷன் தரையைப் பார்த்தார். "நான்தான்" என்றாள் கோமதி.

தாய் குடித்தது பாலில் இறங்கியிருந்தது. டாக்டர் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மூச்சை எண்ணியபடி உட்கார்ந்துவிட்டார். அன்று வேறு நோயாளி இல்லை. ஆற்றங்கரைத் தென்னைகள் மழையில் அசைந்ததும், அந்தச் சின்ன வயிறு ஏறி இறங்கியதும் தவிர எனக்கு வேறெதுவும் நினைவில்லை. அவ்வளவு பயந்த நாள் என் வாழ்க்கையில் இன்னொன்று கிடையாது. மூன்று மணி வாக்கில் குழந்தை வாயைக் கோணிக்கொண்டு வீறிட்டது. கோமதி அப்போதுதான் அழுதாள். டாக்டர் என் பக்கம் திரும்பினார்: "இருமினவரைக் கேட்டீரு, குடிக்கப்போறது யாருன்னு கேக்கலியே வே."

கடையில் கிடைக்காத மருந்து

சளி பிடித்தவள் பால் ஆகாது, நிறுத்திவிடு என்று மாமியார் சொல்லியிருந்தாளாம். டாக்டர் அதை ஏற்கவில்லை. "மருந்தின் வேகம் அடங்கும்வரை, இன்று மட்டும் பீய்ச்சிக் கொட்டிவிடு. பிள்ளை பெற்ற உன் அக்கா பக்கத்துத் தெருவில்தானே இருக்கிறாள், இன்று அவள் பால் கொடுக்கட்டும். நாளையிலிருந்து நீயே கொடு. மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள், கையைக் கழுவிவிட்டுத் தூக்கு" என்றார்.

பாட்டில் மருந்து வேண்டாம். வெந்நீர் ஆவி, உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பு, சூடான கஞ்சி, நல்ல ஓய்வு. அவ்வளவுதான் சிகிச்சை. கோமதி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "மத்ததெல்லாம் ஆத்துலேயே இருக்கு டாக்டர். ஓய்வு எந்தக் கடையில கிடைக்கும்?"

சொந்த மூக்கு

அதற்கப்புறம், வீட்டில் பால்குடிக் குழந்தை உண்டா என்று கேட்காமல் நான் பாட்டிலைத் தொட்டதில்லை. கல்யாணமாகாத ஒரு சமஸ்கிருத வாத்தியார் இதற்காகவே என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

அடுத்த வருஷ மழையில் ராமசேஷன் வந்தார், இடுப்பில் குழந்தை, கூடவே கோமதி. சூடு கண்ட பூனை நான், அவர் இருமலைக் காதிலேயே வாங்காமல், "எத்தனை நாளாகச் சளி அம்மா?" என்று கோமதியைக் கேட்டேன். குழந்தை அப்பாவின் சிவந்த மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. கோமதி சிரித்தாள்: "நேக்கு ஒண்ணும் இல்லை. பத்து நாளா நேக்கு ஓய்வு. மழையில துணி தோய்ச்சு உலர்த்தினது இவராக்கும்."

பதினோரு வருஷம் மருந்து கலக்கியும் நான் உருப்படியாகக் கற்றது ஒரே ஒரு கேள்விதான், அதையும் தூங்கியபடியே ஒரு குழந்தை கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது.