இடது பக்கம் காலியாக இருந்த சாலை

இன்று சிங்கப்பூர் தேக்காவில் கண் பரிசோதனை. வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் புள்ளிகள் வரவே இல்லை.

"மெஷின் நின்னுடுச்சு போல டாக்டர்."

"ஓடிக்கிட்டுதான் இருக்கு சார்."

இரண்டு கண்ணிலும் இடது பக்கப் பார்வை போய்விட்டதாம். அங்கே இருட்டாக எதுவும் இல்லையே என்று வாதாடினேன்.

"இருட்டாத் தெரியாது சார். மூளையே அங்க ரோட்டை வரைஞ்சு காட்டிடும். ஆள் நின்னாலும் காலி ரோடாத்தான் தெரியும். நீங்க எதுல வந்தீங்க?"

"கார்லதான்."

அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"இனி ஓட்டாதீங்க. டிராஃபிக் போலீசுக்கு நீங்களே சொல்லிடுங்க."

சொல்லிவிட்டேன். கார் தேக்காவிலேயே நிற்கிறது. வீட்டுக்கு, புக்கிட் பாஞ்சாங் போகும் ரயிலில் உட்கார்ந்து இந்தப் பதிவை எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு நண்பர், "தெம்பனிஸ்ல ரோடு கிராஸ் பண்ணும்போது கை காட்டினேன், ஸ்லோகூட பண்ணாம போயிட்டீங்க லா" என்றார். அவர் ஆளை மாற்றிச் சொல்கிறார் என்று சண்டை போட்டேன். அந்தச் சாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதில் யாருமே இல்லை.

அப்படி வேறு யாராவது என் இடது பக்கம் நின்றிருந்தால், கீழே ஒரு வார்த்தை எழுதுங்கள். திட்டினாலும் பரவாயில்லை.