வெள்ளம் என்று ஒரு படம் எடுத்தோம்

போன வாரம் அண்ணன் மகள் தன் கல்லூரிக் கூட்டத்தையே கூட்டிக்கொண்டு குறும்படம் எடுக்க என் வீட்டுக்கு வந்துவிட்டாள். "அத்த, ஒரே ஒரு அடுக்களை சீன்தான். அரை மணிக்கூர்ல முடிஞ்சிரும்" என்றாள். காலையில் வந்தவர்கள் பொழுது சாய்ந்துதான் போனார்கள். அரியர் வைத்ததை வீட்டில் சொல்ல முடியாமல் உள்ளுக்குள் புழுங்கும் ஒரு பையனின் கதை. அம்மாவாக நடிக்க வேண்டியவள் வராததால் என்னையே அடுப்பு முன்னால் நிறுத்திவிட்டார்கள். தோசையைத் திருப்பிக்கொண்டே நான் மகனை முறைக்க வேண்டும். நாலைந்து தோசை தீய்ந்தபிறகு, "அத்த, நீங்க முறைக்கவே வேண்டாம். தோசைய மட்டும் பாருங்க" என்று சொல்லிவிட்டாள். எனக்கும் நடிப்புக்கும் என்றைக்குமே அப்படித்தான்.

அவர்கள் போனபிறகு பார்த்தால் அண்ணன் மகளின் ஸ்டீல் பாட்டில் நாற்காலிக்கடியில் கிடந்தது. கழுவி வைக்கலாமே என்று மூடியைத் திருகினேன். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சீரகம் போட்டுக் காய்ச்சிய தண்ணீரின் வாசனை மட்டும் குப்பென்று வந்தது. மூடியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். ஒரு காலி பாட்டிலைப் பார்த்து ஒருத்திக்கு இவ்வளவு நிம்மதி வருமா என்று கேட்பீர்கள். எனக்கு வந்தது.

சீரக வாசனை என்றால் எனக்கு ஷைனிதான். கல்லூரியில் இருவருக்கும் ஒரே பெஞ்ச். நான் வடசேரிக்காரி, கல்லூரிக்கு நடந்தே போய்விடுவேன். அவள் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வருவாள், விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வீடு போய்ச் சேர்வாள். அவர்கள் பக்கத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பேர். முதல் நாள் அவள் "வெள்ளம் இருக்கா?" என்று கேட்டதும் நான் சன்னல் வழியாக வானத்தைப் பார்த்தேன் என்று இன்றுவரை சொல்லித் திரிகிறாள். பச்சைப் பொய். வடசேரிச் சந்தையில் நம் மாவட்டத்தின் எல்லாத் தமிழையும் கேட்டு வளர்ந்தவள் நான்.

அவளுடைய அம்மா தினமும் ஒரு பெரிய பாட்டிலில் சீரக வெள்ளம் கொடுத்துவிடுவார். காலையில் நிறைந்து வரும் அந்தப் பாட்டில் சாயங்காலமும் நிறைந்தே பஸ் ஏறும். அவள் மட்டுமில்லை, எங்கள் வகுப்புப் பெண்கள் யாருமே தண்ணீர் குடிக்க மாட்டோம். காரணம் கேட்டால் சிரிப்பு வரும். பெண்களுக்கான கழிப்பறை கேன்டீனைத் தாண்டி இருந்தது. பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் மதிலோரமாகத்தான் போக வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்தாலும் எந்தக் கதவுக்கும் கொண்டி கிடையாது, உள்ளே தாழ்ப்போட வழியில்லை. குழாயைத் திருகினால் காற்றுதான் வரும். ஒருத்தி உள்ளே போனால் ஒருத்தி கதவை இழுத்துப் பிடிக்க வேண்டும், இன்னொருத்தி காவல் நிற்க வேண்டும். இந்தப் பட்டாளம் கிளம்புவதைப் பார்த்தாலே மதில் மேலிருந்து ஒரு விசில் வரும். இத்தனைக்கும் சேர்த்து நாங்கள் கண்டுபிடித்த ஒரே வழி, குடிக்காமல் இருப்பது.

நான் மத்தியானம் வீட்டுக்கு ஓடிவிடுவேன். ஷைனியால் எங்கே ஓட முடியும்? இரண்டாம் வருடம் அவளுக்கு நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்தது. சரியாகித் திரும்பியவள் மறுபடியும் விழுந்தாள், இந்தத் தடவை ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்துவிட்டார்கள். பார்க்கப் போனபோது டாக்டரம்மா, "தண்ணி குடிக்கியாம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஷைனி வாயைத் திறக்குமுன் அவளுடைய அம்மா முந்திக்கொண்டார். "குடிக்கா டாக்டரே. எனக்க கையாலதான் பாட்டில நெறைக்கேன். அந்திக்கு ஒரு சொட்டு இல்லாமத்தான் கொண்டு வருகா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டரம்மாவும் அவளுடைய அம்மாவும் வெளியே போனதும் ஷைனியிடம் நைசாகக் கேட்டேன். "ஏட்டி, பஸ்ஸு ஏறும்போ ரொம்பி இருக்க பாட்டிலு வீட்டுக்குப் போம்போ எப்பிடிட்டி காலியாவுது?"

"நடையில ஒரு செம்பரத்தி நிக்குதுல்லா, அதுக்க மூட்டுல ஊத்திட்டுத்தான் வீட்டுக்குள்ள கேறுவேன்" என்றாள்.

"அம்மாட்ட சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

"சொன்னா அம்ம அன்னைக்கே நிறுத்திப்போடுவா. கக்கூசு இல்லாத காலேஜுல எதுக்குப் பொம்பளப்பிள்ள படிக்கணும்னு கேப்பா. பதில் நீ சொல்லுவியா?"

அதற்குள் அவளுடைய அம்மாவும் சொல்லிவிட்டிருந்தார், இனி ஒரு தடவை காய்ச்சல் என்று படுத்தால் படிப்பு போதும் என்று. வளைகுடாவில் வேலை பார்க்கும் ஒரு மாப்பிள்ளை வீட்டாரும் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். குடித்தாலும் கஷ்டம், குடிக்காவிட்டால் படிப்பே போய்விடும். அந்த வயதில் அது எவ்வளவு பெரிய பூட்டு!

அந்தச் சமயத்தில்தான் கல்லூரி விழாவுக்குக் குறும்படம் எடுக்கலாம் என்று அறிவித்தார்கள். எங்கள் கல்லூரியில் அப்போது எல்லோரும் படம் எடுத்தார்கள். எந்தப் படமாக இருந்தாலும் கடைசியில் ஒருவன் கடற்கரையில் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்துபோவான். முட்டத்திலும் சொத்தவிளையிலும் மீன்காரர்களுக்கு இவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்திருக்கும். ஷைனியின் அப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த ஹேண்டிகேம் ஒன்று பீரோவில் சும்மா கிடந்தது. "நம்ம கதைய எடுப்போம்" என்றாள் ஷைனி. "ஆனா நான் மொகத்தக் காட்ட மாட்டேன். நீ நடி."

நடித்தேன். பஸ் சன்னலோரம், வகுப்பு, மதிலோரம் என்று எங்கு பார்த்தாலும் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு நான். தாகத்தைக் காட்டச் சொன்னால் பல்வலிக்காரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். கடைசிக் காட்சியை அவளுடைய அம்மா கல்யாண வீட்டுக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை அவர்கள் வீட்டிலேயே எடுத்தோம். கேட்டைத் திறந்து, சுற்றும் முற்றும் பார்த்து, பாட்டிலைச் செம்பருத்தி மூட்டில், வேரோரமாகக் கவிழ்க்கிறேன். அந்த மணல்பாங்கான மண்ணில், எரிக்கும் வேனலில், அந்தச் செடி மட்டும் என்னமாய்ப் பூத்து நின்றது!

வெட்டி ஒட்டிக் கொடுத்தவன் எங்கள் வகுப்பு மணிகண்டன். அவன் அண்ணனுக்கு வடசேரியில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ. அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு காட்சியிலிருந்து அடுத்த காட்சிக்குப் போக வேண்டுமானால் ரோஜாப்பூ கொட்டியே தீரும். எவ்வளவோ முயன்றான், பூவை நிறுத்தத் தெரியவில்லை. கழிப்பறைக் கதவு திறக்கும்போதும் ரோஜாப்பூ கொட்டியது.

படத்துக்கு ஷைனி வைத்த பேர் 'வெள்ளம்'. முதல்வரிடம் அனுமதி கேட்கப் போனோம். அவர் திருச்சிப் பக்கத்துக்காரர், அந்த வருடம்தான் வந்து சேர்ந்திருந்தார். நல்ல மனுஷர். பேரைக் கேட்டதுமே முகம் மலர்ந்துவிட்டது.

"வெள்ளமா? அருமையான சப்ஜெக்ட். போன மழையில பழையாத்துப் பக்கமெல்லாம் முங்கிக் கெடந்துச்சே. படகெல்லாம் காட்டுறீங்களா?"

"படகு இல்ல சார். பாட்டில்தான்" என்றாள் ஷைனி.

"ஓ, நிவாரணப் பொருளா? பேஷ், பேஷ். பெண்கள் படுற கஷ்டமும் வருதா?"

"அதுதான் சார் முழுக்க" என்றேன் நான்.

அத்தோடு அனுமதி கிடைத்துவிட்டது. வெளியே வந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். மறுவாரம் அந்தச் சிரிப்பு அடங்கியது. விழாவுக்கு ஓர் அரசு அதிகாரியம்மா வருகிறாராம், மழை வெள்ளம் பற்றிப் பேசப்போகிறாராம், எங்கள் படத்தையே முதலில் போடப்போகிறார்களாம். போதாக்குறைக்குப் பெற்றோர் எல்லோருக்கும் அழைப்பு. "பேசாம படத்த வாபஸ் வாங்கிருவமா?" என்றேன்.

ஷைனி, "இன்னொரு காய்ச்சல் வந்தாலும் நிறுத்தத்தான் போறா. பாத்துட்டு நிறுத்தட்டு மக்கா" என்றாள்.

அரங்கத்தில் விளக்கை அணைத்தார்கள். திரையில் 'வெள்ளம்' என்று எழுத்து வந்ததும் முன்வரிசையில் முதல்வர் அதிகாரியம்மாவிடம் குனிந்து ஏதோ பெருமையாகச் சொன்னார். மழை வரவில்லை. படகு வரவில்லை. பல்வலி முகத்தோடு நான்தான் வந்தேன். பையன்கள் பக்கம் ஒரே சிரிப்பு. கொண்டியில்லாத கதவும் அதைப் பிடித்திருக்கும் கையும் வந்தபோது பெண்கள் பக்கம் கப்சிப். மதிலும் விசிலும் வந்தபோது பையன்கள் பக்கமும் சத்தம் அடங்கிவிட்டது. ரோஜாப்பூ கொட்டியபோதுகூட ஒருத்தர் சிரிக்கவில்லை.

கடைசியில் அந்தக் கேட், அந்தச் செம்பருத்தி, கவிழும் பாட்டில். பின்வரிசையிலிருந்து ஷைனியின் அம்மா எழுந்தேவிட்டார்.

"அட பாவி மக்களே! இதுனாலதானா எனக்க செம்பரத்தி வேனல்லயும் இப்பிடிப் பூத்துது?"

விளக்கைப் போட்டார்கள். அவர் நேராக முன்னால் நடந்து வந்தார். ஷைனி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. போயிற்று, இன்றோடு இவள் படிப்பு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். எங்கள் முன்னால் வந்து நின்றவர் மகளைப் பார்த்து, "இன்னைக்கு வெள்ளம் குடிச்சியா?" என்று கேட்டார்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள். அந்த அம்மாவின் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு முதல்வர் பக்கம் திரும்பினார்.

"சாறே, எனக்க பிள்ள தோக்கல்ல. தப்பொண்ணும் செய்யல்ல. கதவுக்குக் கொண்டி இல்லன்னு நான் எதுக்கு இவளக் கெட்டிக் குடுக்கணும்? நீங்களே சொல்லுங்க."

முதல்வருக்கு முகம் வெளுத்துவிட்டது. அதிகாரியம்மா எழுந்து, "அந்த இடத்த நான் பாக்கலாமா?" என்றார். அவ்வளவுதான், அரங்கத்துப் பெண்கள் அத்தனைபேரும் பின்னாலேயே கிளம்பிவிட்டார்கள். அன்றைக்கு மதில் மேல் ஒரு பையன்கூட இல்லை. அதிகாரியம்மா உள்ளே போனார். கொண்டி இல்லையே, ஷைனியின் அம்மாதான் வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதல்வரைச் சும்மா சொல்லக்கூடாது. மறுநாள் எங்கள் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். உயிர் கையில் இல்லாமல் போனோம். "வெள்ளம்னா உங்க ஊர்ல தண்ணியாம்மா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றதும் தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நல்லவேளை, எனக்குத் தெரியல" என்றார். அப்பாடா, போன உயிர் அப்போதுதான் திரும்பி வந்தது.

கோடை விடுமுறை முடிந்து போனால், வகுப்புகளுக்குப் பக்கத்திலேயே புதுக் கழிப்பறை. குழாயில் தண்ணீர். ஷைனி உள்ளே போனாள், நான் பழக்கதோஷத்தில் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே கொண்டியைப் போடும் சத்தம் கேட்டது. எடுக்கும் சத்தம். மறுபடி போடும் சத்தம். விளையாடுகிறாள்!

"கைய எடுட்டி! அதான் கொண்டி இருக்குல்லா" என்றாள் உள்ளேயிருந்து. கையை எடுத்தேன். அங்கேயே சுவரில் சாய்ந்து சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்தப் படம் இப்போது யாரிடமும் இல்லை. சிடியில் பூஞ்சை பிடித்துவிட்டது, மணிகண்டன் அண்ணனின் ஸ்டுடியோ செல்போன் கடையாகிவிட்டது. ரோஜாப்பூவும் போயிற்று, என் நடிப்பும் போயிற்று. நல்லதுதான். ஷைனி படித்து முடித்து, இன்று மார்த்தாண்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். மணிக்கொரு தரம் பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்கச் சொல்லி உயிரை எடுக்கிறாளாம்.

கல்லூரிக் கடைசி வருடம் வேனலில் ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அம்மா கேட்டிலேயே என்னைப் பிடித்து நிறுத்தி, குச்சியாக நின்ற செடியைக் காட்டினார். "பாத்தியா மக்கா, எனக்க செம்பரத்தி பட்டுப்போச்சு!" ஏதோ கல்யாணம் நிச்சயமான செய்தி மாதிரி அப்படியொரு சிரிப்பு முகத்தில்.

"வெள்ளம் ஊத்தலியா?" என்றேன். என் வாயிலும் அதற்குள் வெள்ளம் என்றே வந்துவிட்டிருந்தது.

"ஊத்துகதுக்கு பாட்டில்ல வெள்ளம் மிச்சம் வரணும்லா மக்கா!" என்றார்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டே பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தேன். போன் அடித்தது. அண்ணன் மகள்தான்.

"அத்த, எனக்க பாட்டிலு அங்கதான் இருக்கா?"

"இருக்குட்டி. காலியா இருந்துது."

"பின்ன? குடிச்சா காலியாத்தான அத்த இருக்கும்?" என்றாள்.