கழுவிய பல்

எண்ணூர்ப் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், ஜன்னலை மூடினாலும் கரித்தூசி வீட்டுக்குள் வந்துவிடும். தட்டைத் துடைக்காமல் நான் சோறு போட்டதே இல்லை. அந்தப் பழக்கம்தான் என் மகளுக்கு வினையாக முடிந்தது.

பத்தாவது படிக்கிற அவள், வெளிப்படிக்கட்டில் வழுக்கி விழுந்ததில் முன்பல் ஒன்று வேரோடு வந்துவிட்டது. கீழே புழுதியில் கிடந்த பல்லைத் தேடி எடுத்தேன். கருப்பாக இருந்தது; அப்படியே கொண்டுபோக மனசு கேட்கவில்லை. சோப்புப் போட்டு, பழைய பிரஷ்ஷால் பளிச்சென்று தேய்த்து, காகிதத்தில் மடித்துக்கொண்டேன்.

"இன்னாமே பண்ணிகினு கீற? கொயந்த வாயெல்லாம் ரத்தம், சீக்கிரம் வா!" என்று ஆட்டோவிலிருந்து கணவர் கத்தினார். வழி முழுக்க கன்டெய்னர் லாரிகள். ஆட்டோ நகரவே இல்லை.

பல் டாக்டர் பல்லைத் திருப்பிப் பார்த்தார். "யாரும்மா இதைத் தேய்ச்சது? வேர்மேல இருக்கிற சவ்வுதான் பல்லை மறுபடி ஒட்ட வைக்கும். அதைச் சுரண்டிட்டீங்க, காயவும் விட்டுட்டீங்க. வேரைத் தொடாம, தண்ணியில லேசா அலசி, பால்ல போட்டு உடனே கொண்டு வந்திருக்கணும்."

"இப்ப வெச்சா நிக்காதா சார்?" என்று மகள் கேட்டாள்.

"நிக்காதும்மா."

இப்போது தெருவில் யார் வீட்டுப் பிள்ளை ஓடினாலும், பல் விழுந்தால் தேய்க்காதீர்கள், பாலில் போடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் தூசி துடைப்பதும் ஓயவில்லை. அந்தப் பல் ஒரு டப்பாவில் இருக்கிறது. எங்கள் வீட்டில் துளி அழுக்கில்லாத பொருள் அது ஒன்றுதான்.