துண்டு கையில் இருந்தபோது

காலை ஐந்து நாற்பதுக்குக் கேமராவில் கண்ணை வைத்தேன். முதலில் தெரிந்தது ஒரு வேட்டி. மாப்பிள்ளையின் பெரியப்பா கட்டியிருந்த புது வேட்டி. அதைத் திரை முழுக்க நிரப்பி ஒரு பட்டனை அழுத்தினால், எது வெள்ளை என்று கேமரா தெரிந்துகொள்ளும். பிறகுதான் மற்ற நிறங்கள் சரியாக வரும்.

வல்லக்கோட்டை முருகன் கோயில் பக்கத்து மண்டபத்தில் கல்யாணம். எண்பதுகளின் நடுப்பகுதி. எங்கள் வட்டாரத்துக்கு வீடியோ புதிது. பத்திரிகைக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்த நான், முகூர்த்த நாட்களில் ஸ்ரீபெரும்புதூர் கடை ஒன்றுக்காக வீடியோ கேமராவைத் தூக்கினேன்.

வீடியோவுக்கு ஏற்பாடு செய்தவர் பெரியப்பாதான். அவர் மகன் சவுதியில் டிரைவர். கேசட் அங்கே போக வேண்டும்.

"மூணு மணி நேர கேசட்டு ஒண்ணுதான். கண்டவங்க மூஞ்சியெல்லாம் வாணாம்," என்றார். "துண்டு என் தோள்ல கீதுன்னா எடு. கையில கீதுன்னா லைட்ட மட்டும் போட்டுக் காட்டு."

தொழிலில் அது வழக்கம்தான். கட்டைவிரலுக்கு நேராக ஒரு பட்டன். ஒருமுறை அழுத்தினால் பதியும், மறுமுறை அழுத்தினால் நிற்கும். பதியும்போது எரியும் சிவப்புப் புள்ளி உள்ளே, என் கண்ணுக்கு மட்டும். வெளியில் இருந்ததைக் கடைக்காரர் கறுப்பு டேப் ஒட்டி மூடியிருந்தார். விளக்கு எரிந்தால் படம் எடுக்கிறார்கள் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

பந்தியில் பெரியப்பாவின் தங்கை எழுந்து வந்தார். கணவர் இல்லாதவர். அவருடைய ஒரே மகனும் சவுதியில், பெரியப்பா மகனோடு ஒரே அறையில் இருந்தான். போய் நான்கு வருடம்.

"தம்பி, இத எம் புள்ளயும் பாப்பான்ல?"

"பார்ப்பாரும்மா."

பெரியப்பாவைப் பார்த்தேன். துண்டைத் தோளிலிருந்து எடுத்து உதறிக் கையில் வைத்துக்கொண்டார். விளக்கைப் போட்டேன்.

"அடியே, மூஞ்சத் தொடச்சிக்கினு பேசு. புள்ள பயந்துக்கப் போறான்," என்றார் பக்கத்து இலையில் இருந்த அம்மா. பந்தி சிரித்தது.

"சும்மா கெட, அக்கா." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கண்ணு, நல்லா கீறியா? பசு கன்னு போட்டுச்சு. லெட்டர்ல எழுதச் சொன்னா நீ பயந்துக்குவ, அதான் நானே சொல்றேன். வலது கண்ணு தெரியல. இந்தக் கண்ணும் மங்கிக்கினே வருது. முழுசாப் போறதுக்குள்ள ஒரு தபா வந்து மூஞ்சக் காட்டிட்டுப் போடா."

கேமராவுக்குள் உருவம் மங்கலாக இருந்தது. கை பழக்கத்தில் லென்ஸ் வளையத்தைத் திருப்பியது. இமை மயிர் தெரியும் அளவுக்குத் துல்லியமானது. ஆனால் பாதி முகம் நிழலில்.

"இந்தப் பக்கம் திரும்பி மறுபடி சொல்லுங்கம்மா," என்றேன்.

பசுவிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். சிவப்புப் புள்ளி எரியவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கடைக்கு வந்தார். சுவரைத் தொட்டுத் தொட்டு உள்ளே நடந்தார்.

"கல்யாணத்துக்கு நீ போவலியான்னு கேட்டு எழுதிகீறான் தம்பி. நான் பேசுனது அதுல இல்லியாம்."

"மெஷின் கோளாறும்மா."

"நான் ரொம்பக் கிட்ட வந்து பேசிட்டனா? அதனால கெட்டுப்போச்சா?"

"ஆமாம்மா," என்றேன்.

"மன்னிச்சிக்கோ தம்பி," என்று சொல்லிவிட்டுப் படியைக் காலால் தேடி இறங்கினார்.

அந்தக் கேசட்டின் கடைசியில் இருபத்திரண்டு நிமிடம் காலியாக இருந்தது.