கூப்பிட்டால் திரும்பாதவள்

என் மனைவி என்னுடைய பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு பதினெட்டு வருடம் உப்புச் சுமந்தாள். மரக்காணம் உப்பளத்தில் சுமக்கிற பெண்களுக்கெல்லாம் அதுதான் உடை, புருஷன் சட்டை. அதைப் பார்த்து ஒருவரும் சிரித்ததில்லை. அவளுடைய பழைய சேலைத் துணியை நான் தலையில் வைத்த அன்று அளமே சிரித்தது. நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது.

எங்களுடையது ஜோடி வேலை. பாத்தித் தண்ணீருக்குள் நின்று, நீளக் கம்பில் கட்டிய பலகையால் உப்பை இழுத்து வரப்போரம் சேர்ப்பது ஆண். அதைக் கூடையில் தலையில் ஏற்றிப் போய் ரோட்டோர அம்பாரத்தில் கொட்டுவது பெண். ஜோடியில் ஒருத்தர் நின்றுவிட்டால் மற்றவருக்கும் வேலை இல்லை. இதை யார் ஏற்பாடு செய்தது என்று என் அப்பாவும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. பலகை பிடித்தால் ஆம்பளை, அவ்வளவுதான்.

அந்த வருடங்களில் அவள்மேல் எனக்கு ஒரு குறை இருந்தது. பாத்தியிலிருந்து "இந்தாமே" என்று கூப்பிடுவேன். வரப்பில் போகிறவள் திரும்பவே மாட்டாள். நேராகப் போவாள், கொட்டுவாள், வெறுங்கூடையோடு வந்து "என்னா?" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "கூப்புட்டா திரும்ப மாட்டியா? அவ்ளோ திமிரா?" என்று எல்லார் எதிரிலும் கத்தியிருக்கிறேன். ஒரு தடவை கோபத்தில் அவள்மேல் உப்புத் தண்ணீரைக்கூட வாரி அடித்தேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடையை நிரப்பப் போனாள்.

போன பங்குனியில் அவளுக்கு இடது கையில் இரண்டு விரல் மரத்துப்போனது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது, இனித் தலையில் சுமை ஏற்றினால் கையே வராமல் போய்விடும் என்றார் டாக்டர். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு உட்காரவே முடியவில்லை. சீட் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தலையிலதான் வேணாம்னாரு," என்றாள் அவள். "நான் பலகை புடிக்கிறேன். நீங்க தூக்குங்க."

"சும்மா வா."

"அப்ப நாளைக்கு நானே தூக்குறேன்."

சொன்னால் செய்கிறவள். கூனிமேடு தாண்டுவதற்குள் ஒத்துக்கொண்டேன்.

மேஸ்திரிக்குப் பிடிக்கவில்லை. "ஏம்பா, கூத்து காட்டுறியா? பொம்பள இழுத்தா சேறு கலந்துடும். ஒரு வாரம் பாக்குறேன். சரிப்படலன்னா பழையபடி அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாருங்க," என்றார். பழையபடி என்றால் அவள் கழுத்து. அது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

முதல் நாள் என் துண்டையே சும்மாடாகச் சுருட்டினேன். பாதி வழியில் அது நனைந்து வழுக்கியது. கூடை சாய்ந்து உப்பு முழுக்க முதுகுக்குள் இறங்கியது. அவள் பலகையை வைத்துவிட்டு வந்தாள். பழைய சேலைத் துணி ஒன்றை வட்டமாகச் சுற்றி என் தலையில் அழுத்தினாள். பக்கத்து வரப்பில் போன பெண்கள் நின்றேவிட்டார்கள். "அண்ணே, அப்டியே ரெண்டு மொழம் பூவும் வெச்சுக்கோ," என்றாள் ஒருத்தி.

அவளும் முதல் இழுப்பில் சேறு கிளப்பினாள். மேஸ்திரி பார், பார் என்று கையைக் காட்டினார். நான் பழகிய காலத்தில் நாள் கணக்காகச் சேறு கிளப்பியிருக்கிறேன், அதை ஆம்பளைக் கை என்று யாரும் சொன்னதில்லை. மத்தியானத்துக்குள் அவளுக்குப் பலகை படிந்துவிட்டது. வெள்ளையாக வந்தது உப்பு.

எனக்குத்தான் எதுவும் படியவில்லை. அம்பாரம் ரோட்டோரம் இருந்ததால் ஒவ்வொரு நடையும் சென்னை பஸ்களுக்கு நேர் எதிராகப் போக வேண்டும். வெட்கப்பட்டால் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்ளலாம் என்று பார்த்தால், சுமையோடு அது முடியாது. சேலைத் துணியும் நானுமாக ஊர் பார்க்க நிமிர்ந்தே நடந்தேன். கார் நிறுத்திப் படம்கூட எடுத்தார்கள். சாயங்காலம் டீக்கடைக்குப் போகவும் முடியவில்லை, வீட்டில் இருக்கவும் முடியவில்லை. தெருமுனைவரை போவேன், திரும்பி வருவேன், மறுபடி போவேன். நாளைக்கு விட்டுவிடலாம் என்று நான்கு நாளும் நினைத்தேன். அவள் மரத்த விரல்களை வாயருகே வைத்து ஊதிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் வெயில் ஏறிய நேரம். வரப்பு ஈரமாக இருந்தது, அகலம் ஒரு பாதம்தான். கூடையிலிருந்து உப்புத் தண்ணீர் கண்ணில் ஒழுகிக்கொண்டிருந்தது. பின்னால் அவள் குரல் கேட்டது.

"ஏங்க."

திரும்ப முயன்றேன். கழுத்து அசையவில்லை. கொஞ்சம் திருப்பினாலும் கூடை போய்விடும், கூடையோடு நானும் போய்விடுவேன். பதில் சொல்ல மூச்சும் இல்லை.

"ஏங்க," என்றாள் மறுபடி.

நான் நடந்தேன். நேராக நடந்தேன். அம்பாரத்தில் கொட்டினேன். வெறுங்கூடையோடு அங்கேயே நின்றேன். எத்தனை தடவை கத்தியிருப்பேன் என்று யோசித்தேன். அந்தப் பஸ்களைப் பார்த்து வந்த வெட்கமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

திரும்பி வந்தபோது அவள் பாத்தியில் குனிந்திருந்தாள்.

"என்னா?" என்றேன்.

"தண்ணி வேணுமான்னு கேட்டேன்."

"திரும்ப முடியல."

"தெரியும்," என்றாள் அவள்.

பலகையைச் சாய்த்துவிட்டு வந்து கூடையை நிரப்பினாள். நான் தலையில் சும்மாட்டை வைத்துக்கொண்டு அவள் முன்னால் குனிந்து நின்றேன்.