வெள்ளை டீயும் ஏழு நிமிஷமும்

டீ போடுகிற வேலையில் ஒரே ஒரு கஷ்டம்தான்: குடிக்கிற எல்லோருக்கும் அதை நம்மைவிட நன்றாகப் போடத் தெரியும். கையில் ட்ரே தூக்கிப் பிழைக்கிற என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தேன். நாளெல்லாம் நின்று முழங்கால் வீங்கியதும் ஆபீசுக்கு டீ போடும் பேன்ட்ரிக்கு மாற்றினார்கள். சுகமாகத்தான் போனது, முதலாளி சைனா போய் வரும்வரை.

டப்பா திறந்த அன்று

மெஷின் பார்க்கப் போனவர் ஒரு தகர டப்பாவோடு வந்தார். "இது வெள்ளை டீ. சரக்கு வாங்குற வெளிநாட்டுப் பையர் வந்தா இனிமே இதுதான். பால், சர்க்கரை எதுவும் ஆகாது" என்று கோயில் பிரசாதம்போல இரண்டு கையாலும் கொடுத்தார். திறந்தால் தூளே இல்லை. ஊசி ஊசியாக மொட்டுகள், மேலெல்லாம் வெள்ளியாக மெல்லிய முடி.

துணி ஸ்டோர் பழனிசாமி தொட்டுப் பார்த்தே ரகம் சொல்கிறவர். ஒரு மொட்டை எடுத்து விரலிடுக்கில் உருட்டினார். வெளிச்சத்தில் காட்டினார். பிறகு தீர்ப்பு சொன்னார்:

"இது டீ இல்லீங்க்கா. பிரஷிங் மெஷின்ல உதிருதே பஞ்சு, அதைத்தான் பொட்டலம் கட்டி உட்டிருக்கான்."

கீரைத் தண்ணி

புது மெஷினை மாட்டித் தர ஒரு சைனாக்காரர் வந்தார். அவருக்குத்தான் முதல் டீ. நமக்குத் தெரிந்த ஒரே வழி, தளதளவென்று கொதிக்கவிடுவது. கொதிக்கவிட்டேன். பேன்ட்ரி முழுக்க வெந்த கீரை நாற்றம். அவர் ஒரு வாய் குடித்தார், கண்ணை மூடினார், எழுந்து நேராக என் அடுப்படிக்கே வந்துவிட்டார்.

பாஷை கிடையாது, எல்லாம் கைஜாடைதான். கொதித்த தண்ணீரைத் திறந்து வைத்துச் சூடு தணியவிட்டார். மொட்டுகளைக் கோப்பையில் போட்டு, தண்ணீரை ஓரமாக மெதுவாக விட்டு மூடினார். கடிகாரத்தைக் காட்டி ஏழு விரலை நீட்டினார். ஏழு நிமிஷம் கழித்து ஊற்றினால் வெளிறின மஞ்சள். முதல் வாயில் ஒன்றுமே இல்லை. இரண்டாவதில் வெள்ளரிப் பிஞ்சு வாசம். விழுங்கிய பிறகு தொண்டையில் தேன்போல ஒரு இனிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடித்துப்போனது. பக்கத்தில் நின்று குடித்த முதலாளி மட்டும் என் காதருகே குனிந்தார்:

"நல்லாத்தானுங்க இருக்குது... ஆனா டீயை எப்பக்கா போடுவீங்க?"

பிழியப் பிழிய

அதே மொட்டில் நாலு தடவை தண்ணீர் ஊற்றலாம்; ஒவ்வொரு தடவையும் ஒரு ருசி. இதைக் கேட்டு எங்கள் எச்.ஆர். மேனேஜருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ஷிப்மென்ட் அவசரம் என்று தையல் லைனில் டீ இடைவேளையைப் பதினைந்து நிமிஷத்திலிருந்து ஏழாகக் குறைத்திருந்த புண்ணியவான் அவர்தான். நாலாவது தடவை ஊற்றிய கோப்பையை ஆசையாகப் பார்த்துச் சொன்னார்:

"நம்ம டெய்லருக இந்த இலைகிட்டக் கத்துக்கோணுங்க்கா. நாலு தடவை புழிஞ்சாலும் ஒரு வார்த்தை பேசுதா பாருங்க."

மாமனார் வருகை

முதலாளியின் மாமனார் காங்கேயம் பக்கத்துப் பண்ணையக்காரர். மருமகன் பெருமையாக நீட்டிய கோப்பையை வாங்கிக் குடித்தார். சர்க்கரை கேட்டார், இல்லை. பால் கேட்டார், ஆகாது. மிச்சத்தை மரியாதையாக மேஜை ஓரம் தள்ளி வைத்தார்.

"ஏனுங் மாப்ள, வைக்கல் ஊறுன தண்ணிய எங்கூட்டுல எருமைக்குத்தானுங்க வெப்போம்."

பையர் அம்மா கேட்ட கேள்வி

பையர் கம்பெனியிலிருந்து ஒரு அம்மா, வேலைக்காரர்களை எப்படி நடத்துகிறோம் என்று ஆய்வு செய்ய வந்தார். வெள்ளை டீயைக் குடித்து அசந்துபோய், எப்படிப் போட்டது என்று கேட்டார். முதலாளி நெஞ்சை நிமிர்த்தி, "ஏழு நிமிஷம் ஊறணும். அவசரப்பட்டா எல்லாம் போச்சு" என்று இங்கிலீஷில் சொன்னார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். பையர்களோடு பேசுகிற எங்கள் மெர்ச்சண்டைசர் பெண் தமிழில் சொன்னாள்: "லைன்ல இருக்கறவங்களுக்கு டீ குடிக்க எவ்வளவு நேரம்னு கேக்கறாங்கக்கா."

எச்.ஆர். கண்ணாலேயே என்னை மிரட்டினார். என் முழங்கால் ஞாபகம் வந்தது. நேற்று அரை டம்ளர் டீயை வாயில் வைத்துக்கொண்டே மெஷினுக்கு ஓடிய மாரியம்மாளும் ஞாபகம் வந்தாள். "அதே ஏழு நிமிஷந்தான் மேடம். டீ கேன்கிட்ட வரிசையில நிக்கவே அஞ்சு நிமிஷம் போயிரும்" என்றேன். மெர்ச்சண்டைசர் பெண் ஒரு சொல் குறைக்காமல் சொல்லிவிட்டாள். அந்த அம்மா கோப்பையைக் கீழே வைத்தார்.

மறுநாள் நோட்டீஸ் போர்டில் டீ இடைவேளை மறுபடி பதினைந்து நிமிஷம் என்று ஒட்டப்பட்டது. எனக்கு மறுபடியும் செக்கிங் மேஜை. பத்து நாள் நின்றேன். முழங்கால் பழையபடி வீங்கியது, ஆனால் டீ நேரத்தில் என்னைச் சுற்றிப் பெரிய கூட்டம். அடுத்த பையர் வந்தார். யார் யாரோ போட்டும் கோப்பைகள் நிறைந்தபடியே திரும்பி வந்தன. கடைசியில் எச்.ஆரே மேஜைக்கு வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

"வாங்கக்கா, டீயை மட்டும் நீங்க போடுங்க. பதிலை நாங்க சொல்லிக்கறோம்."

ஆக, பேன்ட்ரியில் நான் படித்த பாடம் இவ்வளவுதான்: டீ ஊறும்வரை அவர்கள் காத்திருக்கிறார்கள், நமக்கு அது ஆறுகிற நேரத்தைக்கூடக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.